அத்தை ஓட்டை போட்ட பெட்டி

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இரும்பை அறுப்பதும் துளைப்பதும்தான் அவருக்குப் பிழைப்பு. அப்படிப்பட்ட மனுஷன் தொண்ணூறுகளின் நடுவில் சில மாதங்கள் வீட்டுக்குள் ஒரு குண்டூசியைக்கூடச் சுவரில் குத்தாமல் இருந்தார். காரணம், நான் மாசமாக இருந்தேன். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் ஆணி அடிக்கக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது, துளைக்கக்கூடாது, முகச்சவரம்கூடச் செய்யக்கூடாது என்பது என் மாமியார் போட்ட சட்டம். தாடி வளர்ந்த முகத்தோடு வேலைக்குப் போய் வந்தார். அங்கே பாதிப் பேருக்கு அந்தத் தாடியின் அர்த்தம் தெரியும் என்பதால், எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"தொயிற்சாலைல நாள் பூரா ஓட்டை போடுறாரே அத்தே, அது மட்டும் பரவால்லியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சர்க்கார் ஓட்டைட்டி. அந்தப் பாவம் சர்க்காருக்கு," என்றார் அத்தை. சிரிக்கவே இல்லை.

அத்தை திருநெல்வேலிப் பக்கம். மாமனாருக்கு இந்தத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, புதுப்பெண்ணாக ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். மாமனார் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அந்த வேலைதான் மகனுக்குக் கிடைத்தது. அத்தை ஆவடிக்கு வந்து காலம் எவ்வளவோ ஆகியும் பேச்சு மட்டும் தாமிரபரணியை விட்டு வரவில்லை. நான் பாரிவாக்கம். என் பேச்சைக் கேட்டால் அவர் காதைப் பொத்திக்கொள்வார், அவர் பேச்சைக் கேட்டால் நான் வாயைப் பொத்திக்கொள்வேன். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது என்றுதான் அக்கம்பக்கத்தில் பேச்சு. பாதி உண்மையும்கூட.

எனக்கு அது மூன்றாவது. முதல் முறை மூன்றாம் மாதத்தில் போயிற்று. இரண்டாம் முறை ஐந்தாம் மாதம். அந்த இரண்டாம் முறைதான் படுக்கையறையில் துணி போடக் கொடி கட்டுவதற்காக இவர் சுவரில் ஓர் ஆணி அடித்தார். அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது. ஆணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டரம்மா திட்டினார். ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டி வந்த அன்றைக்கே, குறடால் அந்த ஆணியைப் பிடுங்கித் தூர எறிந்தார். ஓட்டை மட்டும் சுவரில் அப்படியே இருந்தது.

மூன்றாம் முறை நாள் தள்ளிப்போனதுமே டாக்டரம்மா என்னைப் படுக்கையில் போட்டுவிட்டார். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். மற்றபடி படுத்தே இருக்க வேண்டும், அதுவும் இடது பக்கமாகத் திரும்பி. எங்கள் அறையில் இடது பக்கம் திரும்பிப் படுத்தால் அந்தச் சுவர்தான். அந்த ஓட்டைதான்.

வலது பக்கத்து ஜன்னல் கம்பியில் அத்தை ஒரு முருகன் காலண்டரைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். ஆணி அடிக்க முடியாதே. "காலம்பற கண்ணு முழிச்சதும் அதத்தான் பாக்கணும், கேட்டியா? என் மூஞ்சியில முழிச்சிராத," என்றார். தாலி அறுத்தவள் முகத்தில் விழிக்கக்கூடாது என்பதை அவர் சாதாரணமாக, பால் வாங்கச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. என் கட்டிலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே தரையில் பாய் விரித்து அவர் படுத்தார். இவருக்கு ஹாலில் படுக்கை.

பயம் என்றால் சும்மா பயம் இல்லை.  வயிற்றில் லேசாக ஓர் இழுப்பு வந்தால் போதும், போச்சு என்று நினைப்பேன். இழுப்பு வராவிட்டால், ஏன் ஒன்றும் தெரியவில்லை, உள்ளே ஏதாவது ஆகிவிட்டதா என்று நினைப்பேன். தொடையில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் பதறி எழுந்து பாத்ரூமுக்கு ஓடுவேன். எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்ரூம் பின்கட்டில், முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு துளி பட்டாலும் தெரியட்டும் என்று வெள்ளைப் பாவாடைதான் கட்டுவேன். போய்ப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. வந்து படுப்பேன். கொஞ்ச நேரத்தில் சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். மறுபடி போவேன். எழுந்திருக்காதே என்று சொன்ன டாக்டரம்மாவுக்குப் பயந்து படுப்பேன், படுத்த பயத்தில் எழுந்திருப்பேன்.

அத்தை இதைக் கவனித்துவிட்டார். "ஏ பிள்ள, ஒனக்கு மூத்திரம் வருதா, பயம் வருதா?" என்று நேராகவே கேட்டார்.

"இன்னா அத்தே பண்றது? கை சும்மா கீது, மூளை சும்மா இருக்க மாட்டேங்குது," என்றேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். டிவியில் இணைத்து ஆடும் கேம் போர்டுகளில் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை. கொஞ்ச நாளில் என்னைக் கடைசி மேசைக்கு மாற்றினார்கள். அங்கே வேலை, ஒவ்வொரு போர்டையும் டிவியில் மாட்டி ஆடிப் பார்ப்பது. ஊரில் பிள்ளைகள் காசு கொடுத்து ஆடுவதை எனக்குச் சம்பளம் கொடுத்து ஆடச் சொன்னார்கள் என்றால் என் தம்பி நம்பவில்லை. ஆனால் முதல் கட்டம் மட்டும்தான். அரிக்கேன் விளக்கு ஏந்திய ஒரு குட்டி மனுஷன் கயிற்றில் ஏறி, வௌவாலுக்குத் தப்பி, ஒரு கதவைத் திறப்பான். கதவு திறந்ததும் சுவிட்சை அணைத்து அடுத்த போர்டை எடுக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் கொடுக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் தலைக்குப் பின்னாலேயே நிற்பார்.

அந்த ஆட்டம் ஆடும்போது மட்டும் என் மூளை வேறு எதையும் நினைக்காது. வீட்டுக் கவலை, பஸ் கவலை, எதுவும் வராது. இப்போது எனக்கு அதுதான் வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஹாலில் இருந்த டிவி, மரக்கதவு போட்ட பெரிய பெட்டி. அதைக் கட்டிலுக்குக் கொண்டுவர முடியாது. படுத்தபடி ஆட முடிகிற, தூக்கி எங்கேயும் வைக்க முடிகிற ஒரு பெட்டி வேண்டும். சாயங்காலம் இவர் வந்ததும் சொன்னேன்.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "சரி, என்னென்ன வேணும் சொல்லு," என்றார்.

கம்பெனியில் இன்னும் வேலை பார்த்த என் தோழி, கழித்துப்போட்ட ஒரு போர்டையும் ஒரு கேம் கேசட்டையும் கேட்டு வாங்கிக் கொடுத்தனுப்பினாள். இவர் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் தேடி, வேனில் வைத்துப் பார்க்கிற உள்ளங்கை அகல கறுப்பு வெள்ளை டிவி ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். அது பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். அதற்கு, வீட்டில் பழுதாகிக் கிடந்த எமர்ஜென்சி விளக்கையும் எதிர் வீட்டில் கொடுத்த இன்னொன்றையும் பிரித்து, இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துக் கட்டினால் போதும். கரண்ட் போனாலும் ஓடும். வயரும் பிளக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பதும் ஒரு காரணம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

ஆடுவதற்குச் சின்ன ரிமோட்டு மாதிரி ஒன்று போர்டோடு வரும். படுத்துக்கொண்டு அதைப் பிடித்தால் கை வலிக்கும். இவருடைய தொழிற்சாலை நண்பர் ஒருவர், நசரத்பேட்டைக்காரர், அதற்கு வழி சொன்னார். பூந்தமல்லியில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடை ஒன்றில் பழுதான மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து லீவரையும் பொத்தான்களையும் அவரே கழற்றி வாங்கி வந்துவிட்டார். குண்டுத் தலை வைத்த லீவர், சிவப்புப் பொத்தான்கள். எத்தனை பையன்களின் கை பட்டதோ, அத்தை அவற்றை மஞ்சள் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தார்.

பெட்டி, இவர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அலுமினியப் பெட்டி. மூடியில் ஒரு மூலையில் மாமனார் கையால் பெயிண்ட்டில் எழுதிய இவருடைய பெயர் இருந்தது. டிவி தெரிவதற்குப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சதுரம் வெட்ட வேண்டும். லீவருக்கும் பொத்தானுக்கும் மூடியில் ஓட்டைகள் போட வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. வெட்ட வேண்டும். துளைக்க வேண்டும்.

அத்தையிடம் கேட்டோம். கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்பதுபோல இவர் நின்றார்.

"ஒட்டுதது தப்பில்ல," என்றார் அத்தை, யோசித்து. "ஈயம் வச்சி ஒட்டுறிய, அது சேக்கது. செய்யலாம். வெட்டப்பிடாது, குத்தப்பிடாது, ஓட்டை போடப்பிடாது. நீயும் செய்யப்பிடாது, அவளும் செய்யப்பிடாது. வேற ஆள வச்சி செய்யுங்க."

"அம்மா, நீங்க இதையெல்லாம் நெஜமாவே நம்புறீங்களா?" என்றார் இவர்.

அத்தை சுவரில் இருந்த அந்த ஓட்டையைப் பார்த்தார்.  நாங்களும் பார்த்தோம். 

வேற ஆள் என்றால் அந்த நசரத்பேட்டை நண்பர்தான். ஞாயிற்றுக்கிழமை கைச்சக்கரம் சுற்றும் டிரில்லும் தகரக் கத்தரியுமாக வந்தார். எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து, டிவிக்கான சதுரத்தை அழகாக வெட்டிக் கொடுத்தார். அதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. சாப்பிட்டவர் டிரில்லை இங்கேயே வைத்துவிட்டு, மூடி வேலையை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று போய்விட்டார். நான் அந்த வாரம் முழுக்க ஒரு பழைய செய்தித்தாளில் லீவர் எங்கே, பொத்தான் எங்கே என்று கண்மையால் வட்டம் போட்டு வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். எனக்கு உள்ளே கேட்டது.

"மாமே, கோச்சிக்காத. ஊட்ல முயுகாம கீது. நேத்து தான் தெரிஞ்சுது. இனிமே நான் டிரில்ல தொட்டன்னா எங்கம்மா என்ன தொலச்சிடும்."

இவர் சந்தோஷமாகக் கைகுலுக்கிய சத்தமும் கேட்டது. நான் படுத்தபடி சிரித்தேன். இந்த ஆவடியில் ஓட்டை போட ஓர் ஆம்பளை கிடைக்கவில்லையே என்று வயிறு குலுங்கச் சிரித்து, வயிறு குலுங்கியதற்குப் பயந்து நிறுத்தினேன். பிறகு அழுகை வந்தது. ஆட்டம் வந்துவிடும், வந்துவிடும் என்று அதையே பிடித்துக்கொண்டு அத்தனை நாளைத் தள்ளியிருந்தேன். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் மறுபடி பாத்ரூமுக்கு நடக்க ஆரம்பித்தேன். முன்னைவிட அதிகமாக. அப்படிப் போன ஒரு தடவை பாவாடையில் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, சின்னதாக ஒரு கறை. நான் கத்தினேனா என்று தெரியாது. அத்தை ஓடி வந்து என்னைத் தாங்கிக்கொண்டார். இவர் வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டார் ஆட்டோ கூட்டி வந்தார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் அத்தை தன் தொடையை என் இடுப்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். அத்தை திட்டிய திட்டு ஆட்டோக்காரருக்குப் பாதி புரிந்திருக்காது, புரியாததே நல்லது.

டாக்டரம்மா ஊசி போட்டார். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். இருக்கிறது என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நடந்து நடந்து நீயே கெடுத்துக்காதே. அடுத்த தடவை என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார்.  

மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போனதும், அத்தை என் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த அலுமினியப் பெட்டியை இழுத்தார். டிரில்லை எடுத்தார். அரிவாள்மணை முன்னால் உட்காருவதுபோல ஒரு காலை மடித்து உட்கார்ந்து, பெட்டியை இன்னொரு காலால் அழுத்திப் பிடித்தார்.

"இத எப்பிடிப் பிடிக்கணும், சொல்லு."

"அத்தே, இன்னா பண்றீங்க? நீங்க போடலாமா?"

"எனக்கு என்னட்டி தடை?" என்றார். "கழுத்துல தாலியும் இல்ல, வயித்துல பிள்ளையும் இல்ல. வளைகாப்புக்கு என்னய கூப்புட மாட்டாவ, ஆரத்திக்குக் கூப்புட மாட்டாவ. ஓட்டை போட எவன் தடுப்பான்? நீ சொல்லு."

 இந்தச் சட்டத்தையெல்லாம் போட்டவர் அவர்தான் என்று எத்தனை நாள் பொறுமியிருக்கிறேன். அந்தச் சட்டம் அவரை எங்கே நிறுத்தியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். படுத்தபடியே சொல்லிக்கொடுத்தேன். பெரிய ஓட்டையை ஒரேயடியாகப் போட முடியாது, வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டையாகப் போட்டு நடுவைத் தட்டி எடுக்க வேண்டும், பிறகு அரத்தால் தேய்க்க வேண்டும் என்றேன். அவர் சோற்றுப் பசையால் என் செய்தித்தாளை மூடியில் ஒட்டினார். ஒட்டும்போது, லீவருக்கான வட்டம் சரியாக மகனின் பெயர் மேல் விழுவதைப் பார்த்துவிட்டார். தாளைப் பிய்த்துத் திருப்பி ஒட்டினார்.

"லீவர் லெப்டு சைடு வரணும் அத்தே!"

"அவுக எழுதுன பேரு. அதுல நான் ஓட்டை போட மாட்டேன். நீ வலக்கையால ஆடு."

இரண்டு நாள் வேலை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வலது உள்ளங்கையில் கொப்புளம் வந்து, அதில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி சுற்றினார். நடுவே நடுவே நிமிர்ந்து, "எந்திரிக்காத. நான் இங்கனதான இருக்கேன்," என்பார். ஆச்சரியமாக, அந்த இரண்டு நாளும் நான் தேவையில்லாமல் எழுந்திருக்கவில்லை. அந்த டிரில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். ஓட்டைகள் வட்டமாகவும் இல்லை, வரிசையாகவும் இல்லை. ஒரு பொத்தான் தனியாகக் கோபித்துக்கொண்டு மூலைக்குப் போயிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்த இவர், ஃபிட்டர் இல்லையா, மூடியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வோர் ஓட்டையாக விரலை விட்டுப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து கொடுத்தார்.

ஒட்டுகிற வேலை எங்களுடையது. ரிமோட்டைப் பிரித்து, அதன் ஒவ்வொரு பொத்தானுக்கும் போகும் இடத்திலிருந்து வயர் இழுத்து, லீவருக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் கொடுக்க வேண்டும். ஈயப் புகை பிள்ளைக்கு ஆகுமோ என்று எனக்குப் பயம். அதனால் நான் சொல்லச் சொல்ல, ஜன்னலோரம் உட்கார்ந்து இவர்தான் சால்டரிங் வைத்தார். முறத்தில் போர்டை வைத்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு வைப்பார். இட்லி இட்லியாக ஈயம் நிற்கும். "எங்க சூப்பர்வைசர் பாத்தா உங்கள கேட்டுக்கு வெளியே தள்ளிடுவாரு," என்பேன். அத்தை விசிறியால் புகையை ஜன்னலுக்கு வெளியே துரத்துவார். அலுமினியத்தில் கரண்ட் பாய்ந்துவிடக்கூடாதே என்று, ஆஸ்பத்திரிக்கு வாங்கி வைத்த சிவப்பு ரப்பர் ஷீட்டில் பாதியை வெட்டி உள்ளே சுற்றிலும் விரித்தோம். அதை வெட்டியதும் அத்தைதான்.

கடைசியில் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் டிவியில் படம் உருண்டு உருண்டு ஓடியது. இவர் பின்னால் கையை விட்டு எதையோ திருகினார். நின்றது. விளக்கு ஏந்திய குட்டி மனுஷன் அங்கே நின்றான். எனக்கு அவனைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. டிவியின் கதிர் படக்கூடாது என்று அத்தை ஒரு தலையணையை என் வயிற்றுக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்தார்.

இடது பக்கம் படுத்தால் இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். வலது கைதான் தாராளமாக இருக்கும். லீவர் வலது பக்கம் வந்தது நல்லதாகப் போயிற்று. முதல் கட்டம் எனக்குக் கண்ணை மூடினாலும் வரும். ஏறினேன், வௌவாலுக்குத் தப்பினேன், கதவு திறந்தது. உடனே என் விரல் தானாகப் போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டது.

கம்பெனிப் பழக்கம் என்று இவரிடம் சொன்னேன். அது மட்டும் இல்லை. அடுத்தடுத்த நாளும் அப்படியேதான் செய்தேன். கதவு திறந்ததும் அணைப்பேன். மறுபடி முதலிலிருந்து ஆடுவேன். அந்தப் பக்கம் போனால் அவன் செத்துவிடுவான், அவன் செத்தால் எனக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று மனசுக்குள் ஒன்று பிடித்துக்கொண்டது. ஆணிச் சட்டத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான், எனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம், வெந்தயம் காயவைத்துவிட்டு வந்து ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கதவு தொறக்குது, நீ ஏன் அமத்துத?"

"பயமா கீது அத்தே."

"அவன் செத்தா என்ன? மறுபடி வருவாம்லா?"

"வருவான்."

"பின்ன என்ன? தள்ளு, இந்தக் கம்பிய நான் பிடிக்கேன். நீ பொத்தான அமுக்கு."

லீவர் அவர் கையில், பொத்தான் என் கையில். கதவு திறந்தது. அணைக்கவில்லை. அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது, கறுப்பு வெள்ளையில் கோடு கோடாக. அவ்வளவுதான். அத்தனை வருஷம் நான் பார்க்காமல் விட்டது ஒரு மழை. போன உடனே குழியில் விழுந்து செத்தோம். மறுபடி முளைத்தான். அத்தை லீவரை அம்மி அரைப்பதுபோல் முழுத்தோளாலும் தள்ளுவார். "ஏல போ, போலே, முன்ன போ," என்று அவனை அதட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் பயம் வரும், பயம் வருவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். அப்படியே ஆறாம் மாதம் போனது, ஏழாம் மாதம் போனது. வளைகாப்பைக் கட்டில் பக்கத்திலேயே சின்னதாகச் செய்தார்கள். அத்தை சமையல்கட்டிலேயே இருந்துவிட்டார். எல்லாரும் போனபின் வந்து பெட்டியை ஆன் செய்தார்.

பொழுது சாய்ந்ததும் ஸ்டூலை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் பாயை விரிப்பார். விடியற்காலையில் எனக்குத்தான் முதலில் விழிப்பு வரும். பயத்துக்கு ஏது தூக்கம்.

நாள் நெருங்கி வலி கண்டபோது ஆஸ்பத்திரிக்குப் பெட்டியும் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அத்தைதான். இப்போது எழுதும்போது எளிதாக இருக்கிறது, அன்றைக்கு அந்த அறையில் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான், அழ வேண்டும், பிள்ளை அழ வேண்டும் என்று. அழுதது. பெண் குழந்தை.

வெளியே நடந்ததை நர்ஸ் பிறகு சொன்னார். அவர் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, இவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். என் அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தார். வராண்டாவின் கடைக்கோடியில், யார் கண்ணிலும் படாத மாதிரி, அலுமினியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாராம். கூப்பிட்டால் எழுந்து வரவில்லை. குழந்தையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவ அம்மை வரட்டும், நான் வாங்கப்பிடாது," என்றாராம். எனக்கு வேறு வேலை இல்லையா என்று நர்ஸ் அதட்டி, மடியில் இருந்த பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, குழந்தையைக் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டாராம்.

என்னை வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகு அத்தை வந்தார். கையில் குழந்தை. கட்டிலுக்கு அருகில் வராமல் கால்மாட்டிலேயே நின்றார். முகம் வீங்கியிருந்தது. அத்தனை மாதத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"நாந்தாம்ட்டி மொதல்ல பாத்துட்டேன்," என்றார். "அந்த நர்சு கேக்கல. நான் சொவரப் பாத்துத் திரும்பிக்கிட்டேன், ஆனா அதுக்கு முன்ன இது கண்ண முழிச்சி என்னயப் பாத்துட்டு. ஒண்ணும் ஆயிராதுல்லா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பேசக்கூடத் தெம்பு இல்லை, ஆனாலும் பேசினேன்.

"இன்னாத்துக்கு அத்தே அழுவுறீங்க? சாமி படத்த நீங்க அந்தாண்ட ஜன்னல்ல கட்டி வச்சீங்க. டாக்டரம்மா இந்தாண்ட பக்கம் தானே படுக்க சொன்னாங்க. இத்தினி மாசமா டெய்லி காலைல கண்ணு முயிச்சா நான் மொதல்ல பாத்தது கீய படுத்துக்கினு இருந்த உங்க மூஞ்சிய தான். உங்க மூஞ்சில முயிச்சி முயிச்சி தான் இவ உள்ளாற வளந்தா."

 அத்தை கட்டிலைச் சுற்றி வந்து, குழந்தையை என் இடது பக்கத்தில் கிடத்திவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.